பிரபலம் எதிரே வந்தால் முதலில் கைகளைப் பாருங்கள்

வேலையில் சேர்ந்த முதல் மாதமே ஒரு பெரிய நடிகரிடம், "அண்ணா, நலமா? அம்மாவுக்குக் கால் வலி தேவலையா?" என்று கேட்டுவிட்டேன். அவ்வளவு தெரிந்த முகம். என் அண்ணனோடு படித்தவர் என்றே நினைத்தேன். அவர் ஒரு கணம் விழித்தார். பிறகு, "இப்போது பரவாயில்லை" என்று சொல்லி போர்டிங் பாஸை நீட்டினார். அதிலிருந்த பெயரைப் படித்த பிறகுதான் எனக்கு வியர்த்தது.

விமான நிலையத்தில் போர்டிங் வாயிலில் 17 ஆண்டுகள் நின்றவள் நான். மேடையில் இருப்பவர்கள் பை தூக்கிக்கொண்டு, கொட்டாவி விட்டுக்கொண்டு, வரிசையில் நம்மைப் போலவே நகர்வதைப் பார்த்துப் பழகியவள். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

முதல் வேலை, ஆளைச் சரியாக அடையாளம் காண்பது. இடம் மாறிவிட்டால் முகம் தெரியும், ஆள் யாரென்று பிடிபடாது. ஜார்ஜ் மேண்ட்லர் என்ற உளவியலாளர் 1980இல் இதற்கு ஓர் உதாரணம் சொன்னார்: கடையில் வழக்கமாகப் பார்க்கும் இறைச்சிக்கடைக்காரரைப் பஸ்ஸில் பார்த்தால், 'எங்கேயோ பார்த்திருக்கிறோமே' என்று மட்டும் தோன்றும். பிரபலங்கள் விஷயத்தில் கூடுதல் ஆபத்து, அந்த முகத்தை நம் மனம் சொந்தக்காரர் கணக்கில் எழுதிவிடுவதுதான். என் சோதனை எளிது: இந்த முகம் என் பெயரைச் சொல்லி என்றாவது கூப்பிட்டிருக்கிறதா? இல்லையென்றால் அம்மாவின் கால் வலியை விசாரிக்க வேண்டாம்.

சந்தேகம் இருந்தால், "நீங்கள் அவர்தானே?" என்று கேட்காதீர்கள். ஆமாம் என்றால் வரிசை முழுவதும் திரும்பும். இல்லை என்றால் இருவருக்கும் சங்கடம். தாழ்ந்த குரலில் ஒரு வணக்கம் போதும். ஆள் மாறியிருந்தாலும் வணக்கம் வீணாகாது.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். அணுகலாமா கூடாதா என்பதை முகத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். புன்னகை அவர்கள் தொழிலின் பகுதி. கைகளைப் பாருங்கள். பாதுகாப்புச் சோதனை முடிந்து வந்த ஒரு விளையாட்டு வீரரை எனக்கு மறக்கவே முடியாது. இடது கையில் பெல்ட். வலது கை, இறங்கப் பார்க்கும் கால்சட்டையை இடுப்போடு பிடித்திருக்கிறது. ஷூ இன்னும் தட்டில் கிடக்கிறது. அந்த நேரத்தில் ஒருவர் அவர் தோளில் கை போட்டு, "ஒரு செல்ஃபி!" என்கிறார். வீரர் சிரித்தார். பல் தெரிந்தது, விரல்கள் கால்சட்டையை விடவில்லை. அந்தப் படம் எங்கோ ஒரு வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும். கழுத்துக்குக் கீழே வெட்டியிருப்பார்கள் என்று நம்புகிறேன்.

கையில் உணவு, தொலைபேசி, குழந்தை, மருந்துச்சீட்டு, கைக்குட்டை எது இருந்தாலும் விட்டுவிடுங்கள். கழிப்பறை வாசலைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறதே என்று வருத்தம்தான். இருந்தாலும் எழுதுகிறேன்: அங்கேயும் வேண்டாம்.

கைகள் காலியாக இருந்தால் அருகே போகலாம். ஒரே ஒரு வாக்கியம், அதுவும் அவர் செய்த வேலையைப் பற்றி. 'உங்கள் தீவிர ரசிகன்' என்பதை அன்றைக்கே பலரிடம் கேட்டிருப்பார். அதற்கு நன்றி என்பதைத் தவிர அவரால் வேறு என்ன சொல்ல முடியும்? 'ஏன் இப்போது ஆளையே காணோம்', 'நேரில் குட்டையாக இருக்கிறீர்களே' இரண்டும் நானே காதால் கேட்டவை. அப்படிச் சொன்னவர்கள் கெட்டவர்கள் அல்லர், பதற்றம்.

சக்கர நாற்காலியில் காத்திருந்த வயதான பாடகி ஒருவரிடம் ஒரு பயணி வந்தார். ஒரு பாடலைச் சொல்லி, "இரண்டாவது சரணத்துக்கு முன்னால் நீங்கள் மூச்சு இழுக்கும் இடத்தில் நானும் இழுப்பேன் அம்மா" என்றார். கும்பிட்டார். போய்விட்டார். பாடகி அவர் போன திசையைப் பார்த்துவிட்டு என்னிடம், "யார் அது?" என்று கேட்டார். நான் அங்கே நின்ற காலம் முழுவதும் ஒரு பிரபலம் ஒரு ரசிகரைப் பற்றி விசாரித்தது அந்த ஒரு முறைதான். அவர் நின்று பேசியிருந்தால் அந்தக் கேள்வி வந்திருக்காது. சந்திப்பை முடித்துவைப்பது உங்கள் பொறுப்பு. அவரால் மரியாதை கெடாமல் முடிக்க முடியாது.

படம் வேண்டுமென்றால் வாயால் கேளுங்கள், சம்மதம் வரும்வரை தொலைபேசியை உயர்த்தாதீர்கள். கேமராவை மட்டும் முன்பே திறந்து வைத்திருங்கள். கடவுச்சொல்லைத் தப்பாகப் போட்டுக்கொண்டு அவரை நிற்க வைப்பது கொடுமை. முடிந்தால் மூன்றாம் ஆளிடம் கொடுத்து எடுக்கச் சொல்லுங்கள். 12 அங்குலத் தொலைவில் எடுக்கும் செல்ஃபியில், 5 அடி தள்ளி எடுக்கும் படத்தைவிட மூக்கு ஏறத்தாழ 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018இல் வந்த ஆய்வுக் கட்டுரை ஒன்று கணக்கிட்டது. ஒரு படம் போதும். தோளில் கை வேண்டாம். கூட வந்த பிள்ளைகள் படத்தில் வரவே கூடாது. அவர் அந்த இடத்தை விட்டுப் போன பிறகு பகிருங்கள். இல்லையென்றால் அவர் இருக்குமிடத்தை ஊருக்கே அறிவிக்கிறீர்கள்.

கையெழுத்துக்கு என் துறை அனுபவம் உதவும். போர்டிங் பாஸை நீட்டாதீர்கள். அவை பெரும்பாலும் வெப்பத்தாளில், அதாவது மையில்லாமல் சூட்டாலேயே எழுத்து விழும் தாளில், அச்சாகின்றன. வெயிலில் அச்சு மங்கிப்போகும், ஆல்கஹால் கலந்த மார்க்கர் மை பட்டால் தாள் கறுத்துவிடும். ஓர் இளைஞர் சரியாகப் பார்கோடின் மேலேயே கையெழுத்து வாங்கி வந்தார். இயந்திரம் படிக்க மறுத்தது. புதிய பாஸ் அச்சிட்டுக் கொடுத்தேன். பழையதைத் திரும்ப வாங்கும்வரை விமானத்தில் ஏறமாட்டேன் என்று நின்றார். அதைப் படமெடுத்து இணையத்தில் போட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன், ஏனென்றால் அந்தப் பார்கோடில் பெயரும் பயணப் பதிவு எண்ணும் அடங்கியிருக்கும். சாதாரணத் தாளும் பேனாவும் வைத்திருங்கள். பேனா எழுதுகிறதா என்று முதலில் உங்கள் கையில் கிறுக்கிப் பாருங்கள்.

மறுமுறை அதே ஆளைச் சந்தித்தால், "என்னை நினைவிருக்கிறதா?" என்பது வேண்டாம். முகங்களை நினைவில் வைத்துக்கொள்வதே தனக்குச் சிரமம் என்று நடிகர் பிராட் பிட் 2013இல் ஒரு பேட்டியில் வெளிப்படையாகச் சொன்னார். நன்றாக நினைவு வைப்பவருக்கும் நாம் ஆயிரத்தில் ஒரு முகம். புதிதாகவே வணங்குங்கள்.

ஒன்றுமே பேச வாய் வரவில்லையா? அதனால் என்ன. எனக்குப் பிடித்த எழுத்தாளர் ஒருவர் ஒருமுறை நேராக என்னிடம் வந்தார். பல ஆண்டுகளாக மனதில் தயாராக இருந்த வாக்கியம் தொண்டையிலேயே நின்றுவிட்டது. "தொலைபேசிக்குச் சார்ஜ் எங்கே போடலாம்?" என்று கேட்டார். தூணைக் காட்டினேன். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்து, "அது வேலை செய்யவில்லை அம்மா" என்றார். அடுத்த தூணைக் காட்டினேன். விமானம் ஏறும்போது பாஸை நீட்டிக்கொண்டே, "இரண்டாவது தூண் நல்ல தூண்" என்றார்.