வசனத்தை முதல் நாளே பிரித்துக் கொடுக்காதீர்கள்
நாடகப் பள்ளியில் சமகால நாடகம் எடுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பிரிட்டிஷ் நாடக ஆசிரியர் மார்ட்டின் கிரிம்ப்பின் 'அட்டெம்ப்ட்ஸ் ஆன் ஹெர் லைஃப்' (1997) போன்ற பிரதிகளில் பாத்திரப் பெயரே கிடையாது, வரிக்கு முன்னால் ஒரு சிறு கோடு இருந்தால் பேசுபவர் மாறுகிறார், அவ்வளவுதான். முதல் வாரம் யாருக்கும் வசனம் ஒதுக்காமல் எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து, கோடு வரும்போதெல்லாம் அடுத்தவர் வாங்கிப் படிக்கச் சொல்லுங்கள், மறுநாள் வேறொருவரிடமிருந்து தொடங்குங்கள். ஒரே வரி நாலு பேர் வாயில் நாலு விதமாக ஒலிக்கும்போது எது யாருக்கு என்று உங்களுக்கே புரிய ஆரம்பிக்கும். அப்புறம் பிரித்தால் போதும்.

வன்முறைக் காட்சி இருந்தால் அவசரமே வேண்டாம். எங்கே தொடலாம், எங்கே கூடாது என்று முன்னாடியே கேட்டு, அசைவுகளை நடனம் போல எண்ணி எண்ணிப் பழக்குங்கள். ஒத்திகை முடிந்ததும் பிள்ளைகளோடு பத்து நிமிடம் பேசிவிட்டு அனுப்புங்கள்.