ஒரு கோடி ரூபாய் பனியன் ஆர்டர் எங்கெல்லாம் போகிறது?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 19 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். ஒருநாள் முதலாளி கேட்டார்: "ஏனம்மிணி, ஒரு கோடிக்கு ஆர்டர் வந்தா மில்லு, ஈ.பி. எல்லாம் சேர்த்து எத்தனைக்கு வேலை நடக்கும்?" நூலுக்கு 40 லட்சம், எங்கள் கரண்ட் பில் 5 லட்சம், ஆர்டரோடு சேர்த்து 145 லட்சம் என்றேன். தப்பு. மில்லும் கரண்டில்தானே ஓடுகிறது, அதை விட்டுவிட்டேன்.

இப்படிச் சங்கிலியாகப் போவதைப் பிடிப்பதற்குத்தான் உள்ளீடு-வெளியீட்டுப் பகுப்பாய்வு. வாசிலி லியோன்டிஃப் உருவாக்கிய முறை. 1973-இல் இதற்காக நோபல் பரிசு வாங்கினார். பெயருக்குப் பயப்பட வேண்டாம், ஒரு கட்டம் போட்ட நோட்டு போதும்.

பனியன், நூல், கரண்ட் என்று மூன்று பத்தி போடுங்கள். மேலிருந்து கீழாகப் படித்தால் அந்தத் தொழில் ஒரு ரூபாய்க்குச் சரக்குத் தயாரிக்க எதெதை வாங்குகிறது என்று தெரிய வேண்டும். முதல் தடவை வாங்கும் தொகையை விற்பவருடைய மொத்தத்தால் நான் வகுத்துவிட்டு ராத்திரி முழுக்க முழித்தேன். வாங்குபவருடைய மொத்த உற்பத்தியால்தான் வகுக்க வேண்டும்.

பழகுவதற்கு என் உத்தேசக் கணக்கு இது: பனியன் ஒரு ரூபாய்க்கு நூல் 40 பைசா, கரண்ட் 5 பைசா. நூல் ஒரு ரூபாய்க்குக் கரண்ட் 10 பைசா. கரண்ட் உற்பத்தி செய்யவும் கொண்டுவந்து சேர்க்கவும் கரண்டே 20 பைசா.

இப்போது 100 லட்சம் ஆர்டரை உள்ளே விடுங்கள். முதல் சுற்றில் நூல் 40, கரண்ட் 5. இரண்டாவது சுற்றில் மில் 4 லட்சத்துக்குக் கரண்ட் வாங்குகிறது, கரண்டுக்குக் கரண்ட் 1, ஆக 5. அடுத்தது 1, அப்புறம் 0.2, இப்படியே தேய்ந்துகொண்டு போகும். கரண்ட் மொத்தம் 11.25. எல்லாம் சேர்த்து 151.25 லட்சம்.

தொழில்கள் கூடினால் கையால் முடியாது. எக்செல்லில் அலகு அணியிலிருந்து (மூலைவிட்டத்தில் 1, மற்ற இடமெல்லாம் 0) உங்கள் கட்டத்தைக் கழித்து, எம்இன்வர்ஸ் (MINVERSE) போட்டு, வருவதை ஆர்டர் பத்தியோடு எம்மல்ட்டில் (MMULT) பெருக்குங்கள். பழைய எக்செல் என்றால் முழு இடத்தையும் தேர்ந்தெடுத்துக் கண்ட்ரோல், ஷிஃப்ட், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். வெறும் என்டர் தட்டினால் ஒரே ஒரு எண் வந்து நிற்கும்.

சரி, 151.25 வந்ததும் ஊருக்கு ஒன்றரைக் கோடி வருமானம் என்று சொல்லிவிடாதீர்கள். அது விற்றுமுதல், நூலின் விலை பனியன் விலைக்குள்ளும் இருக்கிறது. சம்பளமும் லாபமும் தனியாகப் பாருங்கள். பனியனில் 55 பைசா, நூலில் 30, கரண்டில் 40 என்று வைத்தால் 55, 12, 4.5, மொத்தம் 71.5 லட்சம். மிச்சம்? மில் வாங்கும் பருத்தி 60 பைசா வீதம் 24 லட்சம், நிலக்கரி 40 பைசா வீதம் 4.5 லட்சம். இரண்டும் பெரும்பாலும் வெளியூர்ச் சரக்கு. பருத்தி குஜராத், மகாராஷ்டிரத்திலிருந்து வருகிறது. 71.5-உம் 28.5-உம் சேர்ந்து சரியாக 100. இது இடித்தால் எங்கோ கோளாறு, திரும்பப் போடுங்கள்.

மத்திய அரசு 140 பொருள், 66 தொழில் என்று அளிப்பு-பயன்பாட்டு அட்டவணை (எந்தத் தொழில் எதை உண்டாக்குகிறது, எதை வாங்குகிறது என்ற பட்டியல்) வெளியிடுகிறது. அது நாடு முழுவதற்குமானது. அதை அப்படியே கொங்குக்குப் போட்டால் குஜராத் பருத்திக்குக் கொடுக்கும் பணமும் இங்கேயே சுற்றுவது போலக் காட்டும். பல்லடம், உடுமலைப் பக்கம் சொந்தக் காற்றாலை வைத்திருக்கும் மில்லின் ஈ.பி. பில்லை மட்டும் பார்த்தாலும் கணக்குக் கெடும்.

இன்னொன்று, ஆர்டர் வந்தால் சரக்குக் கிடைத்துவிடும் என்றே இந்தக் கட்டம் நினைக்கிறது. 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகளை மூடியபோது ஆர்டர் இருந்தும் துணிக்குச் சாயம் போட இங்கே ஆளில்லை. சனிக்கிழமைச் சம்பளம் வாங்கியவர்கள் ஞாயிறு கடைவீதியில் செலவழிப்பதும் இதில் வராது. அதற்குக் குடும்பங்களையும் ஒரு பத்தியாகச் சேர்க்க வேண்டும்.

முதலாளியிடம் 71.5 என்றேன். "பருத்தி நம்ம பக்கமே வெளைஞ்சா?" என்றார். அதற்கு நாலாவது பத்தி போட்டுக்கொண்டிருக்கிறேன்.