‘உதவி செய்கிறேன்’ என்று சொல்லும் புது அப்பாக்களுக்கு

என்னுடன் வேலை செய்யும் இளைஞர் சமீபத்தில் அப்பாவானார். “எல்லா வேலையிலும் அவளுக்கு உதவி செய்கிறேன் அண்ணா” என்றார் பெருமையாக. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் நானும் இதையேதான் சொல்லித் திரிந்தேன். டயபரைத் திருப்பிக் கட்டுவது போன்ற தவறுகளை இங்கே விட்டுவிடுகிறேன். அவை இரண்டு நாளில் தாமாகச் சரியாகிவிடும்.

உதவியாளராகவே இருந்துவிடுவது

மகளுக்கு அப்போது எட்டு மாதம். மனைவி வெளியூர் போயிருந்த அன்று இரவு காய்ச்சல் கொதித்தது. தூக்கிக்கொண்டு ஓடினேன். மருத்துவர் மூன்று கேள்விகள் கேட்டார்: எடை எவ்வளவு, கடைசியாகத் தடுப்பூசி போட்டது எப்போது, இன்று எத்தனை முறை சிறுநீர் கழித்தாள்? காய்ச்சல் மருந்தின் அளவை எடைதான் முடிவுசெய்யும். சிறுநீர் குறைந்தால் உடலில் நீர் வற்றுகிறது என்று பொருள். காலையிலிருந்து டயபர் மாற்றியவன் நான்தான், ஆனால் ஒன்றைக்கூட எண்ணவில்லை. எண்ணுவது அவள் வேலை என்று இருந்துவிட்டேன். மனைவியைத் தொலைபேசியில் அழைத்தேன். முதல் இரண்டுக்கும் தூக்கக் கலக்கத்திலேயே பதில் சொன்னாள். மூன்றாவதற்கு யாரிடமும் பதில் இல்லை.

“என்ன செய்யணும், சொல்” என்று கேட்பது பணிவாகத்தான் தோன்றும். கவனிப்பது, நினைவில் வைப்பது, முன்கூட்டித் திட்டமிடுவது ஆகிய மூன்றையும் அவள் தலையிலேயே விட்டுவிட்டு, கையை மட்டும் இரவல் கொடுக்கிறீர்கள். இன்றும் நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது. அதற்குப் பிறகும் வெகுகாலம், கீழே விழுந்து அடிபட்டால் என் மகள் என்னைத் தாண்டித்தான் அம்மாவிடம் ஓடினாள்.

ஏதாவது ஒரு பொறுப்பை முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள். தடுப்பூசி என்றால் தேதி பார்ப்பது, விடுப்பு கேட்பது, ஊசி போட்ட இரவு விழித்திருப்பது வரை எல்லாமே உங்களுடையது. முதலில் சொதப்புவீர்கள். பரவாயில்லை.

அந்த இளைஞரிடம் குழந்தையின் எடையைக் கேட்டேன். மனைவியை அழைக்கக் கைப்பேசியை எடுத்தார்.

விடுப்பை விட்டுக்கொடுப்பது

சுவீடனில் 1974-லேயே அப்பாவும் எடுக்கக்கூடிய பெற்றோர் விடுப்பு வந்துவிட்டது. பெரும்பாலான அப்பாக்கள் தங்கள் பங்கை அம்மாவுக்கே தள்ளிவிட்டார்கள். 1995-இல் ஒரு மாதத்தை மாற்றிக்கொடுக்க முடியாதபடி ஒதுக்கிய பிறகுதான் நிலைமை அசைந்தது. தியாகம் செய்வதாக நினைத்து நானும் என் விடுப்பை வீணடித்தேன்.

“நீங்களே குழந்தையைக் குளிப்பாட்டுகிறீர்களா!” என்ற பாராட்டு

வாங்கிக்கொள்ளாதீர்கள்.

சோர்வை மறைப்பது

பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு அப்பாக்களுக்கும் வரும். ஆண்களிடம் அது அழுகையாக வராமல் சிடுசிடுப்பாகவும், வீட்டுக்குப் போகாமல் அலுவலகத்திலேயே கிடப்பதாகவும் வெளிப்படலாம். நான் அதற்குக் ‘கடமை’ என்று பெயர் வைத்திருந்தேன். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் போங்கள்.