செகண்ட் லைஃபில் முதல் வாரம்: புதிதாக வருபவர்களுக்குப் படிப்படியாக

செகண்ட் லைஃபில் கணக்குத் தொடங்கி, கொஞ்ச நேரம் அங்குமிங்கும் நடந்துவிட்டு, "இங்கே என்ன செய்வது என்றே புரியவில்லை" என்று வெளியேறுகிறவர்கள் நிறைய. அவர்கள் மேல் தப்பில்லை. லிண்டன் லேப் என்ற அமெரிக்க நிறுவனம் 2003 ஜூனில் திறந்துவிட்ட இந்த இணைய உலகத்தில் லெவல் கிடையாது, பாயின்ட் கிடையாது, ஜெயிப்பதும் தோற்பதும் கிடையாது. கண்ணில் படும் வீடு, கடை, காடு, கப்பல் எல்லாம் பெரும்பாலும் அங்கே புழங்குகிறவர்களே கட்டியவை. பார்க்க அத்தனை இருக்கிறது. ஆனால் பேச்சுத் துணை இல்லாமல் நான்கு நாளைக்கு மேல் யாராலும் இடம் மட்டும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் கருவிகளைச் சட்டென்று பழகிக்கொண்டு, சீக்கிரமே மனிதர்களிடம் போய்ச் சேர்வதற்கு என்ன செய்யலாம் என்பதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

1. கணக்கும் வியூவரும்

கணக்குத் தொடங்கக் காசு வேண்டாம். யூசர்நேமை மட்டும் யோசித்து வையுங்கள். திரையில் தெரியும் டிஸ்ப்ளே நேமைப் பின்னால் இலவசமாக மாற்றலாம். யூசர்நேமை மாற்றப் பணம் கட்ட வேண்டும். சொந்தப் பெயர், ஊர், பிறந்த வருடம் எதையும் அதில் சேர்க்காதீர்கள்.

அங்கே இருக்கும் இடங்கள், உள்ளடக்கம் எந்த வயதினருக்கு ஏற்றது என்பதைப் பொறுத்து ஜெனரல், மாடரேட், அடல்ட் என்று மூன்று வகை. வயது 18 நிரம்பாதவர்களுக்கு ஜெனரல் தவிர மற்றவை திறக்காது. பெரியவர்களும் முதல் வாரம் ஜெனரல், மாடரேட் இரண்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

உள்ளே நுழைய வியூவர் என்ற மென்பொருளைக் கணினியில் நிறுவ வேண்டும். லிண்டன் லேப் தருவது ஒன்று. ஆர்வலர்கள் நடத்தும் ஃபயர்ஸ்டார்ம் இன்னொன்று. நான் ஃபயர்ஸ்டார்மையே சொல்வேன். மெனுக்கள் அதிகம்தான், ஆனால் பழைய ஆட்கள் பலர் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். நீங்கள் உதவி கேட்டால், "மேலே இந்த மெனு, அதில் மூன்றாவது வரி" என்று அவர்களால் சொல்ல முடியும். சந்தேகம் கேட்பதற்கென்றே உள்ளே அவர்களுடைய குரூப்பும் இருக்கிறது.

2. லேப்டாப் திணறாமல் இருக்க

கேமுக்கென்று வாங்காத சாதாரண லேப்டாப் என்றால் இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். கண்ட்ரோல் + பி அழுத்தினால் பிரிஃபரன்ஸஸ் திறக்கும். அதில் கிராஃபிக்ஸ் பகுதிக்குப் போய் டிரா டிஸ்டன்ஸை, அதாவது எவ்வளவு தூரம் வரை திரையில் வரைவது என்பதை, 64 மீட்டருக்குக் குறையுங்கள். அந்த உலகத்தின் நிலம் ரீஜியன் என்ற துண்டுகளாகப் பிரிந்திருக்கிறது; ஒரு ரீஜியன் என்பது 256 மீட்டருக்கு 256 மீட்டர் சதுரம். அதன் கடைசி மூலை வரை கணினி வரைந்துகொண்டிருக்கத் தேவையில்லை. அதே பகுதியில் அவதார் காம்ப்ளெக்ஸிட்டிக்கு, அதாவது அங்கே ஒருவரைக் குறிக்கும் உருவம் (அவதார்) எவ்வளவு கனமானது என்பதற்கு, ஒரு வரம்பு இருக்கும். அதையும் இறக்கினால், கனமான உடையும் நகையும் போட்ட அவதார்கள் முழு விவரம் இல்லாத வெறும் உருவங்களாகத் தெரிவார்கள். கூட்டமான நடன அரங்கில் கணினி உறையாமல் இருக்க இது ஒன்றே போதும்.

புதிய இடத்தில் இறங்கியதும் எல்லாம் சாம்பல் நிறத்தில் மங்கலாக இருக்கும். அது கோளாறு இல்லை. படங்கள் இறங்கிக்கொண்டிருக்கின்றன, அரை நிமிடம் அசையாமல் நில்லுங்கள்.

3. நடை, பறத்தல், கேமரா

நடக்க அம்புக்குறி விசைகள். பறக்க ஹோம் விசை, மேலே போக பேஜ் அப், கீழே இறங்க பேஜ் டவுன், நிறுத்த மறுபடி ஹோம். உட்கார, நாற்காலியின் மேல் வலது கிளிக் செய்து சிட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இவ்வளவுதான், பத்து நிமிடத்தில் வந்துவிடும்.

உண்மையில் நேரம் செலவழித்துப் பழக வேண்டியது கேமரா. செகண்ட் லைஃபில் உங்கள் கண் உங்கள் தலையோடு ஒட்டியிருப்பதில்லை. ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு, எதிரே இருக்கும் ஒரு பூந்தொட்டியில் இடது கிளிக்கை அழுத்தி, மவுஸை முன்னால் தள்ளுங்கள். அவதார் நின்ற இடத்திலேயே நிற்க, பார்வை மட்டும் தொட்டியை நெருங்கும். மவுஸைப் பக்கவாட்டில் நகர்த்தினால் பார்வை தொட்டியைச் சுற்றி வரும். கண்ட்ரோலையும் சேர்த்துப் பிடித்தால் தொட்டிக்கு மேலிருந்தும் பார்க்கலாம். எஸ்கேப் அழுத்தினால் பார்வை பழைய இடத்துக்கே வந்துவிடும். இது கைக்கு வந்தபின், அறிவிப்புப் பலகையைப் படிக்கக் கூட்டத்தை இடித்துக்கொண்டு போக வேண்டாம், உட்கார்ந்த இடத்திலிருந்தே முழு ஓவியக் கண்காட்சியையும் பார்த்து முடிக்கலாம். பழகாதவர்கள் எல்லோர் மேலும் முட்டிக்கொண்டே இருப்பார்கள். புதிய ஆள் என்பதை அதிலேயே எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

உடை விஷயத்தைச் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். வியூவரில் இருக்கும் லைப்ரரி என்ற பகுதியில் சென்ரா என்ற இலவச அவதார்கள் இருக்கின்றன. ஒன்றைத் தேர்ந்தெடுத்து, உடையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். மெஷ் உடம்பு, தலை, தோல், முடி என்று தனித்தனியாக வாங்கிப் பொருத்துவது தனிக் கலை, பணமும் கரையும். இரண்டு மூன்று வாரம் கழித்து, அதில் தேர்ந்த ஒருவர் நண்பராகக் கிடைத்த பிறகு செய்தால் பாதிச் செலவு மிச்சம்.

4. எங்கே போவது

கண்ட்ரோல் + எம் அழுத்தினால் உலக வரைபடம் வரும். அதில் தெரியும் ஒவ்வொரு பச்சைப் புள்ளியும் ஓர் ஆள். புள்ளிகள் கொத்தாக இருக்கும் இடத்தில் இரட்டை கிளிக் செய்தால் அங்கே டெலிபோர்ட் ஆகிவிடுவீர்கள், அதாவது நடக்காமலே நேராகப் போய் இறங்கிவிடுவீர்கள். ஒரு எச்சரிக்கை: புள்ளிகள் வரிசை பிசகாமல் நின்று, கேட்டதற்கு யாருமே வாய் திறக்காவிட்டால் அவை தானியங்கி பாட்களாக இருக்கலாம். அங்கே நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கண்மூடித்தனமாகச் சுற்றுவதைவிட இவற்றில் ஒன்றில் தொடங்குங்கள். கேலிடன் ஆக்ஸ்பிரிட்ஜ், விக்டோரியா காலத்துப் பல்கலைக்கழகம் போலக் கட்டப்பட்ட பயிற்சி வளாகம். பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்தால் அடிப்படை எல்லாம் வந்துவிடும், வழிகாட்டிகளும் வந்துபோவார்கள். வெர்ச்சுவல் எபிலிட்டி தீவு மாற்றுத்திறனாளிகளை மனதில் வைத்து அமைக்கப்பட்டது. அதன் பயிற்சிப் பாதையில் யாரும் நடக்கலாம். அவசரமில்லாத, தெளிவான விளக்கம் வேண்டுபவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. கொஞ்சம் தேறிய பிறகு பெலிஸேரியா. 2019-இல் திறந்த அந்தக் கண்டத்தில் வீடுகள் தெருத்தெருவாக இருக்கின்றன, சாலையும் நீர்வழியும் ஓடுகின்றன, அக்கம்பக்கத்தார் சேர்ந்து நடத்தும் நிகழ்ச்சிகள் நிறைய. படகு ஓட்டப் பிடிக்கும் என்றால் பிளேக் சீ என்ற கடல்.

பிடித்த இடத்திலிருந்து கிளம்புமுன் ஒரு லேண்ட்மார்க் (மறுபடி அங்கே போக உதவும் இடக்குறிப்பு) எடுத்துவிடுங்கள். பெயரை நினைவில் வைத்துத் தேடிக்கொள்ளலாம் என்று விட்டால் திரும்பக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

5. பேச்சைத் தொடங்குவது

என்டர் அழுத்தித் தட்டச்சு செய்தால் 20 மீட்டருக்குள் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். நீங்கள் தட்டும்போது உங்கள் அவதாரும் கண்ணுக்குத் தெரியாத கீபோர்டில் தட்டுவதுபோல் கைகளை அசைக்கும், டக் டக் என்ற சத்தமும் கேட்கும். அதனால் எதிராளியின் கை அசைந்துகொண்டிருந்தால் அவர் பதில் எழுதுகிறார் என்று பொருள், காத்திருங்கள். அனுப்பும்போது கண்ட்ரோலையும் சேர்த்து அழுத்திவிட்டால் அது கத்தலாகி 100 மீட்டர் வரை போகும்.

மைக் கட்டாயமில்லை. பெரும்பாலான இடங்களில் எழுத்துதான், அதுவும் எளிய ஆங்கிலம்தான். பிரேசில், ஜெர்மனி, ஜப்பான் என்று பல நாட்டுக்காரர்கள் வருவதால் இலக்கணத்தை யாரும் பார்ப்பதில்லை.

யாரிடமும் பேசுமுன் அவருடைய புரொஃபைலைத் திறந்து பாருங்கள். பிக்ஸ் என்ற பகுதியில் அவருக்குப் பிடித்த இடங்கள் இருக்கும், சேர்ந்திருக்கும் குரூப்களும் தெரியும். "ஹாய், எப்படி இருக்கிறீர்கள்" என்பதற்கு நாளெல்லாம் பதில் சொல்லிச் சலித்தவர்கள் அங்கே அதிகம். "உங்கள் பிக்ஸில் ஒரு ரயில் நிலையம் பார்த்தேன், அந்த ரயிலில் புதியவர்களும் ஏறலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். கையோடு கூட்டிப் போய்க் காட்டுவார்கள்.

இங்கே நம் ஆட்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நமக்கு "எந்த ஊர், என்ன வேலை, கல்யாணம் ஆயிற்றா" என்று விசாரிப்பது அக்கறை. அங்கே அது துருவல். நிஜ வாழ்க்கைக்கும் அவதாருக்கும் நடுவில் பலர் ஒரு சுவர் வைத்திருக்கிறார்கள். புரொஃபைலில் அவர்களாக எழுதியிராத வயது, பாலினம், ஊர், புகைப்படம் எதையும் கேட்காதீர்கள். பழகப் பழக அவர்களே சொல்வார்கள், சொல்லாமலும் போகலாம். முதல் ஐந்து நிமிடத்தில் நட்பு அழைப்பு அனுப்புவதும் வேண்டாம்.

கூச்சம் அதிகம் என்றால் நேரடி இசை நிகழ்ச்சிக்குப் போங்கள். பாடகர் தன் வீட்டில் உட்கார்ந்து பாடுவார், அந்த ஒலி ஸ்ட்ரீம் வழியாக வரும். எதுவும் கேட்காவிட்டால் திரையின் மேல் ஓரத்தில் இருக்கும் பிளே பொத்தானை அழுத்துங்கள். அவதார்களை ஆடவைக்க அரங்கில் வைத்திருக்கும் நடனப் பந்தைக் கிளிக் செய்து, உங்கள் அவதாரை அசைக்க அனுமதி கேட்கும்போது சம்மதித்தால் மற்றவர்களோடு ஆடத் தொடங்கிவிடுவீர்கள். கைதட்டும் வரிகள் சாட்டில் ஓடும், நீங்களும் ஒரு வரி எழுதலாம். ஒலி சற்றுத் தாமதமாகவே வருவதால், பாடகர் உங்கள் பெயரைச் சொல்லி வரவேற்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் காதில் விழும். கவனிக்கவில்லை என்று நினைத்துக் கிளம்பிவிடாதீர்கள். டிப் ஜாரில் (பாடகருக்கு அன்பளிப்புப் போடும் ஜாடி) போடுவது உங்கள் விருப்பம். அங்கே புழங்கும் பணம் லிண்டன் டாலர். ஒரு அமெரிக்க டாலருக்குச் சுமார் 250 லிண்டன் டாலர் என்ற கணக்கில் வருவதால் 50 லிண்டன் போட்டாலும் பெரிய செலவில்லை. கையில் இல்லாவிட்டால் கைதட்டலே போதும்.

6. ஏமாறாமல் இருக்க

நடனப் பந்து கேட்டது அவதாரை அசைக்கும் அனுமதி. அதில் ஆபத்தில்லை. ஆனால் உங்கள் கணக்கிலிருந்து லிண்டன் டாலர் எடுக்க ஏதாவது ஒரு பொருள் அனுமதி கேட்டால், யார் கொடுத்தது என்றாலும் மறுத்துவிடுங்கள். அதற்குச் சம்மதித்தால், அதன் சொந்தக்காரர் உங்களைக் கேட்காமலே பணத்தை எடுக்க முடியும்.

நண்பரின் பெயரிலேயே "இதைப் பார்" என்று லிங்க் வந்து, அது மறுபடி பாஸ்வேர்ட் கேட்டால் மூடிவிடுங்கள். நண்பரின் கணக்கு களவு போயிருக்கலாம். முதல் மாதம் கார்டு விவரம் எதையும் கொடுக்க வேண்டிய தேவையே இல்லை.

யாராவது தொந்தரவு செய்தால் வாதாடி நிற்காதீர்கள். அவர் பெயரில் வலது கிளிக் செய்து பிளாக். எல்லை மீறினால் ஹெல்ப் மெனுவில் இருக்கும் அப்யூஸ் ரிப்போர்ட். அப்புறம் வேறு இடத்துக்கு டெலிபோர்ட்.

7. ஒரே இடம், ஒரே நேரம்

தினம் பத்து இடம் பார்ப்பவருக்கு நண்பர்கள் கிடைப்பது அரிது. வாராவாரம் ஒரே வகுப்புக்கோ கச்சேரிக்கோ கதை வாசிப்புக்கோ வருகிறவரைத்தான் மூன்றாவது தடவையில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். முதல் வாரத்தில் பார்த்தவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதன் குரூப்பில் சேருங்கள்.

நேரத்தைக் கணக்கிடும்போது கவனம். அங்கே அறிவிப்புகள் எல்லாம் அமெரிக்க மேற்குக் கரை நேரத்தில்தான் வரும், எஸ்எல்டி என்று போட்டிருப்பார்கள். அவர்களுடைய கோடை நேரத்தில் நாம் பன்னிரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம், குளிர்காலத்தில் பதின்மூன்றரை. ஆக, அங்கே சனிக்கிழமை மாலை 7 மணிக் கச்சேரி என்றால் இந்தியாவிலும் இலங்கையிலும் ஞாயிறு காலை ஏழரை அல்லது எட்டரை. நமக்கு இது வசதியான நேரம்: காபியோடு உட்காரும் நமக்கு அமெரிக்கர்களின் வார இறுதிக் கூட்டம் முழுசாகக் கிடைக்கும். ஐரோப்பியர்களின் மாலை நிகழ்ச்சிகள் நமக்கு நள்ளிரவை ஒட்டி வரும். விடுமுறை நாள் என்றால் பார்க்கலாம்.

குரூப்பிலிருந்து அடுத்த நிகழ்ச்சிக்கு நோட்டீஸ் வரும்போது பெரும்பாலும் லேண்ட்மார்க்கும் சேர்ந்து வரும், அதைச் சேமித்துக்கொள்ளுங்கள். அன்றைக்குக் கால் மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். நடத்துபவர் மேடையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருப்பார், கூட்டம் சேர்வதற்குள் அவரிடம் நிதானமாகப் பேசிக்கொள்ளலாம்.