முகப்பில் மாட்டியிருக்கும் ரவிவர்மா அசல்தானா? மதிப்பிடும் முறை

செட்டிநாட்டு வீடுகளில் முகப்பிலும் பட்டாலையிலும் தொங்கும் 'ரவிவர்மா படங்களில்' பெரும்பாலானவை ஓலியோகிராஃப்கள், அதாவது அச்சுப்படங்கள். 1894-இல் அவர் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தில் அச்சானவை, அவற்றைப் பார்த்து மற்றவர்கள் அடித்தவை என்று இரண்டும் உண்டு. அவர் அச்சகத்தில் அச்சானதை அசல் என்று ஆச்சி சொன்னால் அதில் பொய்யில்லை, கையால் வரைந்த ஓவியத்தின் விலைதான் வேறு.

தேவை: 10 மடங்கு லென்ஸ், சாதா டார்ச், 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச், அந்த ஒளியிலிருந்து கண்ணைக் காக்கும் மூக்குக்கண்ணாடி, அளவு நாடா.

1. இரண்டு பேர் பிடித்து இறக்கிச் சுவரில் சாய்த்து வையுங்கள். துடைக்கவே கூடாது. ஈரத்துணி பட்டால் வார்னிஷ் வெளுக்கும், தூக்கி நிற்கும் வண்ணம் உதிரும்.

2. முகத்தை லென்ஸில் பாருங்கள். பல நிறப் பொடிப்புள்ளிகள் தெரிந்தால் அச்சு. அச்சுப்படத்திலும் துணி நெசவுபோல் வரி அழுத்தி வார்னிஷ் பூசியிருப்பார்கள். விரலால் தடவிப் பார்ப்பவர்கள் ஏமாறுவது இதில்தான். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். அழுத்திய வரி எங்கும் ஒரே சீராக ஓடும். தூரிகைத் தடமோ நகையில் தடித்து, நிழலில் மெலியும். ஜரிகையும் சமிக்கியும் ஒட்டிய படமென்றால் அநேகமாக அச்சுதான்.

3. பின்பக்கம்தான் அதிகம் பேசும். கான்வாஸ் நெசவு, மரச்சட்டத்தின் மூலை ஆப்புகள், துருப்பிடித்த ஆணி, கான்வாஸ் விற்ற கடையின் முத்திரை எல்லாவற்றையும் படமெடுங்கள். பின்னால் புதுத்துணி ஒட்டியிருந்தால் பழுது பார்த்த படம். முத்திரை அடியில் மறைந்திருக்கலாம்.

4. கையெழுத்தை லென்ஸில் பாருங்கள். வண்ணத்தோடு சேர்ந்து எழுத்தும் வெடித்திருக்க வேண்டும். வெடிப்புக்குள் மை இறங்கியிருந்தால் பிறகு போட்டது. இருட்டறையில் புற ஊதா ஒளி அடித்தால் பழைய வார்னிஷ் பச்சையாக ஒளிரும், பிந்தைய ஒட்டுவேலை கருந்திட்டாகத் தெரியும்.

5. கடைசிக்கால ஓவியம் என்றால் விலை கூடும் என்பது தரகர் பேச்சு. ரவிவர்மா 1906-இல் இறந்தார். ஓவியங்களில் கைகொடுத்த தம்பி ராஜராஜவர்மா 1905-இல். ஆகவே யார் கை எவ்வளவு என்ற கேள்வி எழும். டைட்டானியம் வெள்ளை 1920-களில்தான் பரவலாகக் கடைக்கு வந்தது. ஆய்வகத்தில் அது அடிவண்ணத்திலேயே இருப்பதாகத் தெரிந்தால் படம் அவருடையதல்ல. மேல்பூச்சில் மட்டும் இருந்தால் பழுது வேலையாக இருக்கலாம்.

6. வீட்டுக்கு வந்த வழிக்குச் சான்று தேடுங்கள்: பாகப்பிரிவினைப் பத்திரம், பழைய கணக்கேடு, சீர்ச் சாமான் பட்டியல், படம் பின்னணியில் விழுந்த கல்யாண போட்டோ. 'ஐயா காலத்திலிருந்து இருக்கிறது' என்பது சான்றாகாது.

7. கடைசியில் விலை. அளவு, பொருள், வருடம், நிலை நான்கும் ஒத்த ஏல விற்பனைகளோடு ஒப்பிடுங்கள். காரைக்குடிப் பழம்பொருள் கடையில் கேட்கும் விலை விற்ற விலை ஆகாது. காப்பீட்டு மதிப்பும் விற்பனை மதிப்பும் வேறு. எந்த மதிப்பு, எதற்கு என்று மதிப்பீட்டாளரிடம் சொல்லி எழுத்தில் வாங்குங்கள். 1979 முதல் ரவிவர்மா ஓவியங்கள் தேசியக் கலைச்செல்வம், வெளிநாட்டுக்கு விற்க முடியாது. லண்டன் விலையை இங்கே பொருத்தாதீர்கள். மதிப்பீட்டுக்கூலியை விலையில் சதவீதமாகக் கேட்பவரையும், தானே வாங்கிக்கொள்கிறேன் என்பவரையும் தவிர்த்துவிடுங்கள்.