ஆஸ்துமாவுக்கு மூலிகை எடுப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூச்சிரைப்புக்கு ஆடாதோடை, தூதுவளை, கண்டங்கத்தரி கொடுப்பது நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வரும் கைப்பக்குவம். அதில் பயனில்லை என்று நான் சொல்லவில்லை. சளியை இளக்க மருத்துவர்கள் எழுதித்தரும் புரோம்ஹெக்சினே, ஆடாதோடை இலையிலுள்ள வாசிசின் என்ற வேதிப்பொருளை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கப்பட்டதுதான். ஆனால் சளி இளகுவது வேறு, மூச்சுக்குழாயின் உட்சுவரிலுள்ள அழற்சி தணிவது வேறு. அந்த அழற்சியை அடக்கி வைப்பது அன்றாடம் உறிஞ்சும் ஸ்டீராய்டு இன்ஹேலர். கஷாயம் குடிக்கத் தொடங்கிய பின் இரைப்பு குறைந்துவிட்டது என்று நம்பி இன்ஹேலரை நிறுத்துவதே எல்லாவற்றிலும் பெரிய தவறு. அழற்சி ஓசையில்லாமல் திரும்பி வந்து, வீடு ஒட்டடை அடிக்கும் நாளிலோ ஒரு சாதாரண சளிக்காய்ச்சலிலோ மூச்சை அடைத்துவிடும்.

இரண்டே வேளையில் குணம் தருவதாகச் சொல்லி, தயாரிப்பாளர் பெயரும் உரிம எண்ணும் இல்லாமல் விற்கப்படும் பொடிகளை வாங்கவே கூடாது. இத்தகைய பொடிகளில் ஸ்டீராய்டு மாத்திரையைக் கலந்து விற்றது பலமுறை கண்டறியப்பட்டிருக்கிறது. அதை மாதக்கணக்கில் உண்டு சட்டென நிறுத்தினால், உடல் தனக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானே சுரக்க முடியாமல் உயிருக்கே ஆபத்து நேரலாம். அரசு மருத்துவமனைகளின் சித்தா பிரிவில் பதிவு பெற்ற மருத்துவர் இருக்கும்போது இந்தத் துணிச்சல் எதற்கு?

அதிமதுரத்தைத் தினமும் மெல்லுவதும் தீங்கற்றதன்று. அது இரத்த அழுத்தத்தைக் கூட்டும், பொட்டாசியத்தைக் குறைக்கும். உடனடி நிவாரண இன்ஹேலரிலுள்ள சால்பியூட்டமால் மருந்தும் பொட்டாசியத்தைக் குறைப்பதால், இதய நோயாளிகளுக்கும் நீர் பிரியும் மாத்திரை எடுப்போருக்கும் இந்தச் சேர்க்கை ஆகாது. கருவுற்ற பெண்கள் ஆடாதோடையைத் தவிர்க்க வேண்டும்.

ஊமத்தை இலையைப் புகைப்பது பழைய வழக்கம். 1802-ஆம் ஆண்டு வாக்கில் சென்னையிலிருந்துதான் அது பிரிட்டனுக்குப் போனது. ஊமத்தையிலுள்ள அட்ரோபின் என்ற வேதிப்பொருள் மூச்சுக்குழாயை விரிப்பது உண்மையே. ஆயினும் செடிக்குச் செடி அதன் அளவு மாறுவதால் மனக்குழப்பமும் படபடப்பும் வரலாம். போதாததற்குப் புகையே மூச்சிரைப்பைத் தூண்டும். அட்ரோபினை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய இப்ரட்ரோபியம் அளவு குறித்த மருந்தாகக் கிடைக்கும்போது இலையைத் தேடத் தேவையில்லை. ஆவி பிடித்தலும் அடைப்பை விலக்காது. கற்பூரம், யூகலிப்டஸ் நெடி சிலருக்கு மூச்சிரைப்பைக் கூட்டும், குழந்தைகள் வெந்நீரைக் கவிழ்த்துக்கொண்டு வெந்துபோவதும் உண்டு.

இரைப்பு முற்றும்போது கஷாயம் காய்ச்சி நேரம் கடத்தாதீர்கள். உடனடி நிவாரண இன்ஹேலரைக் கொடுங்கள். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமலோ உதடு நீலம் பாரித்தோ இருந்தால் அப்போதே 108-ஐ அழையுங்கள். எந்த மூலிகை, எவ்வளவு, எத்தனை நாளாக என்பதை மருத்துவமனையிலுள்ள மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.