கான்சஸ் வாக்குகளை கவுன்ட்டிவாரியாகப் படிப்பது எப்படி? தொடக்க நிலையினருக்கு ஒரு செய்முறை

அமெரிக்கத் தேர்தல் இரவில் தொலைக்காட்சியில் ஒளிரும் சிவப்பு, நீல வரைபடத்தைப் பார்த்தவுடன் "இது குடியரசுக் கட்சி மாநிலம்" என்று ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறோம். மக்கள் எந்தக் கட்சிக்கு வாக்களித்தார்கள் என்பது அந்த வரைபடத்தில் இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட விஷயத்தில் அவர்களுடைய கருத்து என்ன என்பது அதில் இல்லை. இவ்விரண்டையும் பிரித்தறியப் பழகுவதற்குக் கான்சஸ் மாநிலத்தின் 2022ஆம் ஆண்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். ஒரு எக்செல் தாள் போதும். கழிக்கவும் வகுக்கவும் தெரிந்திருந்தால் புள்ளியியல் பட்டம் எதுவும் வேண்டாம்.

பின்னணி இதுதான். கான்சஸில் 105 கவுன்ட்டிகள் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவுகள்). அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி அங்கே கடைசியாக வென்றது 1964இல். 2020இல் டிரம்ப் 56.2 விழுக்காடும் பைடன் 41.6 விழுக்காடும் பெற்றார்கள். கருக்கலைப்புக்கு நாடு தழுவிய அரசமைப்புப் பாதுகாப்பு இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2022 ஜூன் 24 அன்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆறு வாரங்களுக்குள், ஆகஸ்ட் 2 அன்று, அதே கேள்வி கான்சஸ் வாக்காளர்கள் முன் வந்தது.

படி 1: வாக்குச்சீட்டில் இருந்த கேள்வியைப் படியுங்கள்

முடிவைப் பார்ப்பதற்கு முன் கேள்வியைப் படிப்பது அவசியம். மாநில அரசமைப்பு கருக்கலைப்பு உரிமையைப் பாதுகாக்கிறது என்று கான்சஸ் உச்ச நீதிமன்றம் 2019இல் கூறியிருந்தது. அதைச் செல்லாமல் ஆக்கும் திருத்தம்தான் வாக்கெடுப்புக்கு வந்தது. எனவே "ஆம்" என்றால் உரிமை போகும், "இல்லை" என்றால் இருப்பது தொடரும். கருக்கலைப்பு உரிமையை ஆதரிப்பவர் "இல்லை" என்று குறிக்க வேண்டிய நிலை. வாக்கெடுப்புக்கு முந்தைய நாள், இந்தக் குழப்பத்தைப் பயன்படுத்தி, "ஆம்" என்று வாக்களித்தால்தான் பெண்களின் தேர்வுரிமை நிலைக்கும் என்று திசைதிருப்பும் குறுஞ்செய்திகளும் பரவின. உங்கள் தாளின் முதல் வரியில் "ஆம்", "இல்லை" இரண்டுக்கும் என்ன பொருள் என்று எழுதி வையுங்கள். பாதி ஆய்வில் குழம்பும்போது கைகொடுக்கும்.

படி 2: யார் வாக்களிக்க வந்தார்கள் என்று பாருங்கள்

ஆகஸ்டில் நடப்பது, ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தல். வழக்கமாகக் கூட்டம் குறைவு. வருபவர்களிலும் குடியரசுக் கட்சியினரே அதிகம். எந்தக் கட்சியிலும் பதிவு செய்யாதவர்களுக்கு அன்று பொதுவாக வேலையே இல்லை. ஆனால் இந்தத் திருத்தத்தில் அவர்களும் வாக்களிக்கலாம். 36 விழுக்காடு பேர் வாக்களிப்பார்கள் என்று மாநிலத்தில் தேர்தல் பொறுப்பு வகிக்கும் செயலர் கணித்தார். வாக்களித்தவர்கள் 47 விழுக்காட்டையும் தாண்டிவிட்டார்கள்.

இங்கே ஒரு எளிய உத்தி உண்டு. அன்று இரு கட்சிகளின் ஆளுநர் வேட்பாளர் தேர்வில் பதிவான வாக்குகளைக் கூட்டுங்கள் (அங்கே ஆளுநர் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் நிர்வாகத் தலைவர்; நம் முதல்வரைப் போன்ற பொறுப்பு). திருத்தத்தில் பதிவான மொத்த வாக்குகளிலிருந்து அதைக் கழியுங்கள். மிஞ்சுவதில் பெரும்பகுதி, எந்தக் கட்சியையும் சேராமல் இந்த ஒரு கேள்விக்காகவே வந்தவர்களுடையது. கவுன்ட்டிவாரியான எண்கள் மாநிலச் செயலரின் இணையதளத்தில் கிடைக்கும்.

படி 3: அட்டவணை போடுங்கள்

ஒவ்வொரு கவுன்ட்டிக்கும் ஒரு வரிசை. முதல் நிரலில் கவுன்ட்டியின் பெயர், அடுத்ததில் 2020இல் டிரம்ப் பெற்ற விழுக்காடு, மூன்றாவதில் 2022இல் "ஆம்" பெற்ற விழுக்காடு. திருத்தத்தின் பின்னால் நின்றது டிரம்பின் குடியரசுக் கட்சி; அதனால்தான் இந்த ஒப்பீடு. நான்காவது நிரலில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். ஐந்தாவதில் "ஆம்" விழுக்காட்டை டிரம்ப் விழுக்காட்டால் வகுத்து எழுதுங்கள்.

மாநில அளவில் திருத்தம் தோற்றது: "இல்லை" 5,43,855 வாக்குகள், "ஆம்" 3,78,466. அதாவது ஏறத்தாழ 59க்கு 41. டிரம்பின் 56உடன் ஒப்பிட்டால் 15 புள்ளிகள் சரிவு. இனி மேற்கு ஓரத்துக்குப் போவோம். டிரம்புக்கு 85 விழுக்காட்டுக்கும் மேல் கொடுத்த க்ரீலி கவுன்ட்டியில் "ஆம்" சுமார் 60தான். 81 விழுக்காடு கொடுத்த ஹாமில்டனில் 56ஐக்கூட எட்டவில்லை. இரண்டிலும் சரிவு 25 புள்ளிகள்.

வித்தியாச நிரலை மட்டும் பார்ப்பவர், கட்சிக் கோட்டைகளில்தான் பெரிய கலகம் நடந்திருக்கிறது என்று எழுதிவிடுவார். ஐந்தாவது நிரல் வேறு கதை சொல்கிறது. க்ரீலியிலும் ஹாமில்டனிலும் 0.7 அளவில் வருகிறது. மாநிலம் முழுவதற்கும் 0.73. கான்சஸ் சிட்டியின் புறநகரான ஜான்சன் கவுன்ட்டியில் டிரம்ப் பெற்றது 44 அல்லது 45; "ஆம்" சுமார் 32. அங்கும் 0.7ஐ ஒட்டித்தான் வருகிறது. புல்வெளிக் கிராமமும் வசதியான புறநகரும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் குறைந்திருக்கின்றன. கோட்டைகளில் இழப்பதற்கு அதிகம் இருந்தது, அதனால் அதிகம் இழந்தார்கள். என்னைக் கேட்டால், இந்த ஒரு நிரலுக்காகவே முழு அட்டவணையையும் போடலாம்.

படி 4: நிலப்பரப்பை எண்ணாதீர்கள்

2020 கணக்கெடுப்பில் க்ரீலியின் மக்கள்தொகை 1,284. ஜான்சனில் ஏறத்தாழ 6.1 லட்சம். ஆனால் வரைபடத்தில் க்ரீலிதான் பெரிய கட்டம். "ஆம்" அதிகக் கவுன்ட்டிகளில் வென்றும் மாநிலத்தில் தோற்றதற்குக் காரணம் இதுதான். அட்டவணையை மக்கள்தொகைப்படி வரிசைப்படுத்துங்கள். வேறு விளக்கம் தேவைப்படாது.

படி 5: கருத்துக்கணிப்பை முடிவுடன் உரசிப் பாருங்கள்

ஜூலையில் வந்த ஒரு கருத்துக்கணிப்பு "ஆம்" 47, "இல்லை" 43 என்றது. மீதி 10 பேர் முடிவெடுக்காதவர்கள். ஆயிரம் பேரைக் கேட்டால் பிழை வரம்பு (கணிப்பின் எண் உண்மை நிலையிலிருந்து விலகக்கூடிய அளவு) சுமார் 3 புள்ளிகள், நானூறு பேரைக் கேட்டால் 5. இது ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் தனித்தனியாகப் பொருந்தும் வரம்பு. இருவருக்கும் இடையிலான இடைவெளிக்கு அது கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். ஆகவே 4 புள்ளி முன்னிலையை முன்னிலை என்று சொல்வதே துணிச்சல்தான். ஆனாலும் செய்தித் தலைப்புகளில் அந்தத் துணிச்சலுக்குப் பஞ்சமே இல்லை.

அடுத்து ஒரு சிறு கணக்கு. முடிவெடுக்காத 10 பேரும் ஒருவர் விடாமல் "இல்லை" பக்கம் போயிருந்தாலும் 53தான் வரும். கிடைத்ததோ 59. பிழை வரம்பை எவ்வளவு தாராளமாகச் சேர்த்தாலும் அந்த இடைவெளி நிரம்பாது. வழக்கமாக ஆகஸ்டில் வராதவர்கள் வந்தார்கள் என்பதே எனக்கு நம்பத்தகுந்த விளக்கம். யார் வாக்களிக்க வருவார்கள் என்ற ஊகத்தை முன்வைத்தே கருத்துக்கணிப்பாளர்கள் மாதிரியை அமைக்கிறார்கள். படி 2இல் பார்த்த வாக்குப்பதிவு அந்த ஊகத்தைத்தான் உடைத்தது.

படி 6: ஒரே நாளில் நடந்த இரண்டு போட்டிகளை ஒப்பிடுங்கள்

இதுவரை செய்த ஒப்பீட்டில் ஓர் ஓட்டை இருக்கிறது. 2020 நவம்பரில் வந்தவர்களும் 2022 ஆகஸ்டில் வந்தவர்களும் ஒரே ஆட்கள் அல்லர். ஹாமில்டனில் டிரம்புக்கு வாக்களித்த ஒருவர் மனம் மாறினாரா, வீட்டிலேயே இருந்துவிட்டாரா என்று கவுன்ட்டி எண்ணால் சொல்ல முடியாது. கவுன்ட்டிக்கான எண்ணைத் தனிமனிதர் தலையில் ஏற்றுவது தொடக்க நிலையினர் மட்டுமல்லாமல் அனுபவசாலிகளும் செய்யும் பிழை.

ஒரே வாக்குச்சீட்டில் இருந்த இரண்டு போட்டிகளை எடுத்தால் இந்தச் சிக்கல் பெரிதும் குறையும். 2022 நவம்பரில் ஜனநாயகக் கட்சியின் லாரா கெல்லி 49.5 விழுக்காடு பெற்று மீண்டும் ஆளுநரானார். அதே சீட்டில் செனட் இடத்துக்குக் குடியரசுக் கட்சியின் ஜெர்ரி மோரன் 60 விழுக்காட்டுடன் வென்றார். அவரை எதிர்த்த ஜனநாயகக் கட்சியின் மார்க் ஹாலண்டுக்கு 37. கழித்தால் 12.5 வருகிறது. எட்டு வாக்காளரில் குறைந்தது ஒருவர் கெல்லிக்கு வாக்களித்துவிட்டு, அதே கட்சியின் செனட் வேட்பாளரை விட்டுவிட்டார். இதற்குக் கருத்துக்கணிப்பு எதுவும் தேவைப்படவில்லை. கூடுதலாக ஒரு சுவை: 2018இல் கெல்லியிடம் ஆளுநர் தேர்தலில் தோற்ற குடியரசுக் கட்சியின் கிரிஸ் கோபாக், 2022இல் அதே நாளில் மாநில அட்டர்னி ஜெனரல் (அரசின் தலைமை வழக்கறிஞர்) பதவியை மயிரிழையில் வென்றார்.

அடுத்து நீங்களே செய்து பார்க்க விச்சிட்டா நகரம் இருக்கும் செட்ஜ்விக் கவுன்ட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 2020இல் டிரம்ப் வென்றார், 2022 ஆகஸ்டில் திருத்தம் தோற்றது. ஐந்தாவது நிரலில் 0.7க்குச் சற்று மேலான எண் வரும். ஏன் மேலே போகிறது என்று தேட, கவுன்ட்டி மொத்தத்தை விட்டுவிட்டு வாக்குச்சாவடிப் பகுதிவாரியான முடிவுகளுக்கு இறங்குங்கள். நகர மையத்தையும் வெளிவட்டத்தையும் தனித்தனித் தாள்களில் வைத்துக்கொண்டால் வேலை எளிது.